பொறுமை என்று பெயர் வைத்துவிட்டோம்

மார்ச் 7 மறைசாட்சிகள் பெர்பேத்துவா, பெலிசித்தா திருநாள். அன்றைக்குப் பூசையில் சாமியார் இவர்களைப் பற்றித்தான் பிரசங்கம் வைத்தார். "நம் வீட்டுப் பெண்களும் இவர்களைப் போலப் பொறுமையும் பணிவும் உள்ளவர்களாக இருக்க வேண்டும்" என்று முடித்தார். பக்கத்தில் இருந்த அக்கா உருகிப்போய்த் தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோயில் என்பதால் அடக்கிக்கொண்டேன். அந்த இரண்டு பேரும் செத்ததே பணிய மாட்டேன் என்றதால்தானே?

கதை தெரியாதவர்களுக்கு. கி.பி. 203, கார்த்தேஜ் நகரம். இன்றைய துனீசியாவில் இருக்கிறது. பெர்பேத்துவாவுக்கு வயது சுமார் 22. நல்ல குடும்பம், படித்தவள், கையில் பால்குடிக்கும் ஆண் குழந்தை. ஞானஸ்நானத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த சிலரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பேரரசரின் நலனுக்காக ஒரு பலி கொடுத்துவிட்டால் விட்டுவிடுவார்கள். அவள் கொடுக்கவில்லை. ராஜகுமாரன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டில் மிருகங்கள் முன்னால் தள்ளினார்கள்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்றால், அரங்கில் நடந்தது போன்றவற்றை வேறொருவர் பிறகு சேர்த்திருந்தாலும், சிறை நாட்களைப் பற்றி அவளே அங்கிருந்தபடி எழுதி வைத்திருக்கிறாள். கிறிஸ்தவப் பெண் ஒருத்தி எழுதி நம் கைக்கு வந்து சேர்ந்திருப்பவற்றில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. வாசித்துப் பாருங்கள், பணிவு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

அப்பா வருகிறார், கிறிஸ்தவள் இல்லை என்று மறுத்துவிடு எனக் கெஞ்சுகிறார். அவள் பக்கத்தில் கிடந்த ஒரு பாத்திரத்தைக் காட்டுகிறாள். சொம்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதைச் சொம்பு என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா அப்பா என்கிறாள். முடியாது என்கிறார். அதுபோலத்தான், நானும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு எதுவாகவும் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது என்கிறாள். அந்த மனிதர் கண்ணைப் பிடுங்கிவிடுவதுபோலப் பாய்கிறார்.

அந்த அப்பாவை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்பதில்லை. இன்னொரு தடவை வரும்போது அவள் கையை முத்தமிட்டுக் காலில் விழுகிறார், மகளே என்று சொல்லாமல் சீமாட்டியே என்று கூப்பிடுகிறார். என் நரைமுடியைப் பார், உன் குழந்தையைப் பார் என்கிறார். விசாரணை நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டே வந்து நிற்கிறார். ஆளுநர் ஹிலாரியானுஸ் அவரைக் கம்பால் அடிக்கச் சொல்கிறான். என்னையே அடித்ததுபோல இருந்தது என்று மகள் எழுதுகிறாள். எழுதிவிட்டு, முடிவை மாற்றிக்கொள்ளவும் இல்லை. நானும் ஒரு பிள்ளையைப் பெற்றவள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் பலியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சாவைப் புனிதமாக்கி எழுதும் வேலையில் எனக்கு விருப்பம் கிடையாது. ஆனால் அவள் செய்ததற்குப் பொறுமை என்று பெயர் வைத்தால், அதைக் கேட்டுக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

சிறையில் சாப்பாடும் கவனிப்பும் மோசமானபோது அதிகாரியிடம் நேருக்கு நேராகக் கேட்கிறாள்: நாங்கள் ராஜகுமாரனின் பிறந்தநாளுக்குச் சாகப்போகிற கைதிகள், நாங்கள் நன்றாகக் கொழுத்து வந்து நின்றால் உனக்குத்தானே பெருமை? அவன் முகம் சிவந்துபோய் நிலைமையைச் சரிசெய்ய உத்தரவிடுகிறான். அரங்க வாசலில் பெண்களுக்குக் கேரிஸ் தெய்வத்தின் பூசாரிணி வேஷம் போட்டுவிடப் பார்த்தார்கள். அதற்கும் அவள் மாட்டேன் என்றாள். இந்த மாதிரி எதையும் செய்யாமல் இருப்பதற்காகத்தான் உயிரையே கொடுக்கிறோம், அதுதான் உங்களோடு எங்களுக்கு உள்ள ஒப்பந்தம் என்று வாதாடுகிறாள். சாகப்போகிற நேரத்தில் ஒப்பந்தம் பேசுகிறவள்! அதிகாரிதான் இறங்கி வந்தான்.

சரி, பெர்பேத்துவாவையாவது புரிந்துகொள்ளலாம். படிப்பு, குடும்பம், பேசிப் பழகிய வாய் எல்லாம் இருந்தன. என் மனசு போய் நிற்கிற இடம் பெலிசித்தா.

பெர்பேத்துவாவின் வேலைக்காரி என்றுதான் அன்றைக்கும் சொன்னார்கள், படங்களுக்குக் கீழேயும் அப்படிப் போடுகிறார்கள். மூலத்தில் அப்படி இல்லை. ரெவோகாத்துஸ் என்பவனும் 'அவனுடைய உடன் அடிமை' பெலிசித்தாவும் என்று மட்டும்தான் இருக்கிறது. பெரிய வீட்டுப் பெண்ணோடு ஓர் அடிமைப் பெண் சேர்ந்து நின்றால் அவள் அந்த வீட்டு வேலைக்காரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நாமே முடிவுகட்டிவிட்டோம்.

பிடித்துக்கொண்டு வந்தபோது அவள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி. கர்ப்பிணிக்கு மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பது ரோமச் சட்டம். எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தன்னைத் தனியாகப் பிரித்து, பிறகு யாரோ குற்றவாளிகளோடு சேர்த்துக் கொல்வார்களே என்பதுதான் அவளுடைய கவலை. விளையாட்டுக்குச் சில நாள் முன்னால் வலி வந்துவிட்டது. வலியில் முனகியவளைப் பார்த்துச் சிறைப் பணியாள் ஒருவன், இதற்கே இப்படிக் கத்துகிறாயே, மிருகத்தின் முன்னால் என்ன செய்வாய் என்று நக்கலடித்தான். அவள் சொன்ன பதில்: இப்போது படுவதை நான் படுகிறேன், அங்கே எனக்குள் இன்னொருவர் இருந்து எனக்காகப் படுவார்.

ஓர் அடிமை மாட்டேன் என்று சொல்வதன் எடையை நாம் சரியாக நிறுத்துப் பார்ப்பதில்லை. உடம்பே அவளுக்குச் சொந்தமில்லை. ரோம நீதிமன்றத்தில் அடிமையின் சாட்சியம் சித்திரவதை செய்து வாங்கினால்தான் செல்லும். இதற்குச் சுமார் 90 வருடம் முன்னால், பித்தினியா மாகாண ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினான். கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், வாக்குத் தவற மாட்டோம் என்று சத்தியம் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறான். உண்மையா என்று பார்க்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தேன் என்கிறான். சபையில் அவர்களுக்கு 'ஊழியக்காரிகள்' என்று பெயராம். நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் பவுல், கெங்கிரேயா சபையின் பெபேயாளைச் சொல்லும் அதே சொல். அளவுகடந்த மூடநம்பிக்கையைத் தவிர அவர்களிடம் வேறு எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறான். அந்த இருவரின் பெயரைக் குறித்து வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

இன்றைய பிரான்சில் இருக்கும் லியோனில் 177-இல் இது தலைகீழாக நடந்தது. அங்கே பிளான்தினா என்ற அடிமைப் பெண். அவளுடைய எஜமானியும் பிடிபட்டவர்களில் ஒருத்தி. இவள் உடம்புக்கு இதைத் தாங்குவாளா, வாய் தவறி மறுதலித்துவிடுவாளோ என்று எஜமானி பயந்தாளாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை மாற்றி மாற்றி வதைத்தவர்கள்தான் களைத்துப்போனார்கள். நான் கிறிஸ்தவள், எங்களிடத்தில் தப்பான காரியம் எதுவும் நடப்பதில்லை என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அங்கிருந்த சபை எழுதிய கடிதத்தில் அடிமையின் பெயர் இருக்கிறது. எஜமானியின் பெயர் இல்லை. அந்த வரியை வாசித்த அன்றைக்கு எனக்கு ரொம்ப நேரம் வேறு வேலை ஓடவில்லை.

கார்த்தேஜுக்கே வருகிறேன். பெண்கள் இருவரையும் வெறிபிடித்த பசுவின் முன்னால் விட்டார்கள். முதலில் ஆடையில்லாமல் வலையில் சுற்றிக் கொண்டுவந்தபோது, ஒருத்தி சின்னப் பெண்ணாக இருப்பதையும், இன்னொருத்தி பிள்ளைபெற்ற பச்சை உடம்போடு மார்பில் பால் சொட்ட நிற்பதையும் பார்த்து, வேடிக்கை பார்க்க வந்த கூட்டமே கூசிப்போனது. திருப்பிக் கூட்டிப்போய் ஆடை உடுத்தி அழைத்து வந்தார்கள். பசு முட்டித் தள்ளியதில் விழுந்த பெர்பேத்துவா கிழிந்த துணியை இழுத்துத் தொடையை மூடிக்கொண்டாள், கலைந்த முடியை முடிந்துகொண்டாள். தலைவிரிகோலமாக இருந்தால் துக்கம் கொண்டாடுவதுபோல ஆகிவிடும் என்று நினைத்தாளாம். பிறகு பெலிசித்தா நசுங்கிக் கிடப்பதைப் பார்த்துக் கிட்டே போய், கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். இருவரும் சேர்ந்து நின்றார்கள்.

அந்த ஊரின் எந்தத் தெருவிலும் இவர்கள் இருவரும் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்க முடியாது. பூசையில் சாமியார் சொல்லும் நற்கருணை மன்றாட்டுகளில் முதலாவதில், பெண் புனிதர்களின் பெயர் வரும் இடத்தில் பெலிசித்தாதான் முதலில், பெர்பேத்துவா அடுத்துத்தான். அது நீளம் என்று பெரும்பாலும் இரண்டாவது மன்றாட்டையே சொல்லி முடித்துவிடுவதால் நம் காதில் இது விழுவதே அபூர்வம். அடுத்த முறை சாமியாரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பெலிசித்தாவுக்குப் பிறந்தது பெண் குழந்தை. ரோமச் சட்டப்படி அடிமையின் பிள்ளையும் எஜமானுக்குச் சொந்தமான அடிமைதான். ஆனால் சபையிலிருந்த ஒரு பெண் அந்தக் குழந்தையைத் தன் சொந்த மகளாக வளர்த்தாள் என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. யாரிடம் போய் என்ன பேசி வாங்கினாளோ. அவளுக்கும் பெயர் இல்லை.