பல்பு கோத்த மின்வேலி பற்றி

காட்டுப்பன்றிக்கு வேலி கேட்டவருக்கு, வீட்டுக் கரண்டையே ஒரு குண்டு பல்பு வழியாகக் கம்பிக்குக் கொடுத்தால் லேசான ஷாக் மட்டும்தான் அடிக்கும், ஆளுக்கு ஆபத்தில்லை என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நிறையப் பேர் ஆமோதித்திருப்பதால் எழுதுகிறேன். அது சரியில்லைங்க.

நம்ப வேண்டாம், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பல்பின் மேல் எழுதியுள்ள வாட்டை 230ஆல் வகுங்கள். 60 வாட் என்றால் சுமார் 0.26 ஆம்பியர், அதாவது 260 மில்லி ஆம்பியர் வரை அது விடும். ஈர வரப்பில் வெறுங்காலோடு நிற்பவர் தொட்டால் உடம்பில் 200 மில்லி ஆம்பியர் வரைகூடப் பாயலாம். இப்போது வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அதன் முகப்பைப் பாருங்கள். பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் கசிந்தாலே உயிருக்கு ஆபத்து என்றுதான் அது விழுகிறது. பல்பு பிரகாசமாக எரியாததால் கரண்ட் குறைவு என்று நினைப்பதும் தவறு. இழை சூடேறாதவரை அதன் தடை இன்னும் குறைவு, அதனால் கரண்டை அது பெரிதாகத் தடுக்காது.

கடையில் விற்கும் சோலார் வேலிப் பெட்டி வேறு ரகம். வோல்ட் பல ஆயிரம் இருந்தாலும், நொடிக்கு ஒருமுறை கண நேரத் துடிப்பாகத்தான் விடும். பக்கத்தில் நின்றால் டிக், டிக் என்று கேட்கும். தொட்டவர் கையை எடுக்க இடைவெளி கிடைக்கும். வீட்டுக் கரண்டில் அந்த இடைவெளியே கிடையாது, பல்பு போட்டாலும்.

கணக்கு மட்டும் போதும். யாரும் கம்பியைத் தொட்டுச் சோதிக்க வேண்டாம்.