கிரேஹவுண்டுக்கு மணிக்கணக்கில் ஓட்டம் தேவையா?

பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் இன நாய்க்குத் தினமும் மணிக்கணக்கில் ஓட்டம் வேண்டும், பெரிய தோட்டம் இல்லாத வீட்டுக்கு அது சரிப்படாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பந்தய நாய் என்றதும் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் உண்மை அப்படி இல்லை.

கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பாயும். அந்த வேகம் சில நூறு மீட்டரோடு சரி. பிரிட்டனில் வழக்கமான பந்தய தூரம் 480 மீட்டர் அளவுதான், அரை நிமிடத்தில் முடிந்துவிடும். நாளின் பெரும்பகுதி தூக்கம். எங்கள் பக்கத்து வீட்டில் ஒன்று இருக்கிறது. சோபாவில் மல்லாந்து, நான்கு காலையும் மேலே நீட்டிக்கொண்டு மதியம் முழுக்கக் கிடக்கும்; பிஸ்கட் டப்பா திறக்கும் சத்தத்துக்குத்தான் ஒரு காது அசையும். நல்ல உடல்நிலையில் இருப்பவற்றுக்குப் பொதுவாக நாளுக்கு இரண்டு முறை, 20 முதல் 30 நிமிட நடை போதும்.

நீங்களே சரிபார்க்கலாம். யூடியூபில் ஏதாவது ஒரு கிரேஹவுண்ட் பந்தயத்தைப் போட்டு, எத்தனை விநாடி ஓடுகின்றன என்று பாருங்கள். அப்புறம், இந்த நாய்களைத் தத்துக் கொடுக்கும் காப்பகம் எதையாவது கூப்பிட்டு, "ஃப்ளாட்டுக்குக் கொடுப்பீர்களா, தினமும் எவ்வளவு நடை வேண்டும்?" என்று கேளுங்கள். தோட்டம் இல்லையே என்ற ஒரே காரணத்துக்காகத் தயங்கும் குடும்பங்கள், தயவுசெய்து அந்த ஒரு போன் மட்டும் செய்துவிடுங்கள்.