காண்ட்ராக்ட்டுக்குப் போகலாமா என்று கேட்ட தங்கைக்கு

சென்ற வாரம், முன்பு என் குழுவில் வேலை பார்த்த பெண் ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்கு 29 வயது. திருமணமாகி ஓராண்டு ஆகிறது. அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் உண்டு. "அக்கா, இப்போது வாங்குவதைவிட மாதம் 35 ஆயிரம் கூடுதலாகத் தருகிறார்கள். ஆனால் கம்பெனி ஊழியராகப் பேரோலில் எடுக்கமாட்டார்களாம், கன்சல்டன்ட் என்று ஒப்பந்தம் போடுவார்களாம். போகலாமா?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதே கேள்வியோடு நானும் ஓராண்டுக்கு மேல் திண்டாடியிருக்கிறேன். அவளுக்குச் சொன்னதை, இன்று சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆர் முழுக்க இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

நான் டேட்டாபேஸ் துறையில் இருக்கிறேன். ஆரக்கிள் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஓடிக்கொண்டிருப்பவற்றை போஸ்ட்கிரெஸ் என்ற மற்றொன்றுக்கு மாற்றித் தருவது இப்போது என் முதன்மையான வேலை. 2024 ஆகஸ்டில் நான் ஆண்டுக்கு 24 லட்சம் சிடிசியில் (நிறுவனம் எனக்காகச் செய்யும் மொத்தச் செலவு) நிரந்தர வேலையில் இருந்தபோது, ஆள் எடுத்துத் தரும் நிறுவனம் ஒன்று மாதம் 2.4 லட்சம் கட்டணத்தில் காண்ட்ராக்ட் வேலை ஒன்றைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு 28.8 லட்சம் என்று அவர்கள் பெருக்கிச் சொன்னார்கள். அந்தப் பெருக்கல்தான் முதல் தவறு. ஒப்பந்தங்களுக்கு இடையில் வரும் இடைவெளி, காய்ச்சல், பண்டிகை, வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் கட்டணம் கிடையாது என்பதால், ஆண்டுக்குப் பத்து மாதம்தான் பணம் வரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதே நேர்மை. அப்படிப் பார்த்தால் என் கணக்கில் அந்தத் தொகையும் அதே 24 லட்சத்தில் வந்து நின்றது.

ஆனாலும் வரிக் கணக்கு என்னை அசைத்தது என்பதை மறைக்கக் கூடாது. நிரந்தர வேலையில் நிறுவனத்தின் பிஎஃப் பங்கு முதலியவற்றையும் சம்பளக்காரர்களுக்கு உள்ள நிலைக்கழிவையும் கழித்த பிறகு வரிக்கு உட்பட்ட என் சம்பளம் 21.75 லட்சம். 2024-25க்கான புதிய வரி முறையில், செஸ் உட்பட, அதற்கு வரி 3,56,200 ரூபாய். அதே ஆண்டில் 24 லட்சத்தைத் தொழில்முறைக் கட்டணமாகப் பெற்று, 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவைத் தேர்ந்திருந்தால், வரவில் பாதியான 12 லட்சத்தை வருமானமாகக் காட்டலாம். வரி 83,200 ரூபாய்தான். வித்தியாசம் இரண்டே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. செலவுக் கணக்குப் புத்தகங்களை வைத்துக்கொண்டு போராடவும் வேண்டியதில்லை. ஆண்டு முடிவதற்குள் கட்ட வேண்டிய முன்வரி முழுவதையும் மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டலாம். உண்மையிலேயே தனித்துத் தொழில் செய்பவர்களுக்கு அரசு கொடுத்திருக்கும் நல்ல வசதி இது; எங்கள் ஆடிட்டர் விளக்கியபோது மனம் அந்தப் பக்கமே சாய்ந்தது.

பிறகுதான் கையில் பணம் வந்து சேரும் நாட்களைத் தாளில் எழுதிப் பார்த்தேன். கட்டணத்தில் 10 சதவீதத்தை டிடிஎஸ்ஸாக, அதாவது முன்கூட்டியே வரியாக, பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 24 லட்சத்தில் 2.4 லட்சம் அப்படிப் போய்விடும். கட்ட வேண்டிய வரி 83,200 என்றாலும், மீதி ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட தொகை ஆண்டு முடிந்து ரிட்டர்ன் தாக்கல் செய்த பிறகுதான் திரும்பி வரும். வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். இன்வாய்ஸில் 18 சதவீதம் சேர்க்க வேண்டும். வாடிக்கையாளர் இன்னும் ஒரு ரூபாய்கூடத் தந்திருக்காத நிலையிலும், இன்வாய்ஸ் எழுதிய மாதத்துக்கான ஜிஎஸ்டியை நம் கையிலிருந்து எடுத்து அரசுக்குக் கட்ட வேண்டியிருக்கும். மாதக் கடைசியில் சம்பளம் வந்து விழும் பழக்கத்திலேயே பதினாறு ஆண்டுகள் இருந்துவிட்ட எங்கள் வீட்டுக்கு, ஐந்தாம் தேதி வீட்டுக் கடன் தவணை போகும் எங்கள் வங்கிக் கணக்குக்கு, இது சிறிய மாற்றம் அல்ல.

சம்பளச் சீட்டில் தொகையாகத் தெரியாதவையும் இருக்கின்றன. பிஎஃப் உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்துவிட்டால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும் காப்பீடு அந்தக் கணக்கோடு வருவது என் குழுவில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டியும் அப்படித்தான்: கடைசி அடிப்படைச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கினால், ஒரு லட்சம் அடிப்படைச் சம்பளத்தில் ஒன்பது ஆண்டு இருந்தவருக்கு 5 லட்சத்துக்கு மேல் வருகிறது. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில், சர்க்கரை நோய் உள்ள என் கணவருக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு இருந்தது. தனியாக பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். என்னை அழைத்த பெண்ணுக்கோ இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது மகப்பேறு விடுப்பு. 2017இல் 26 வாரமாக உயர்த்தப்பட்ட, ஊதியத்துடன் கூடிய அந்த விடுப்பு ஊழியருக்கு உரியது. 'கன்சல்டன்ட்' என்று கையெழுத்திட்ட பெண் அதைக் கேட்டால் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டுவார்கள். 35 ஆயிரம் கூடுதல் என்று அவள் சொன்னபோது, ஆறு மாதச் சம்பளத்தை அந்தத் தட்டுக்கு எதிர்த்தட்டில் வைத்துப் பார்த்தாயா என்றுதான் முதலில் கேட்டேன்.

இவ்வளவும் பணக் கணக்கு. என் தயக்கத்தின் வேர் இதைவிட ஆழத்தில் இருந்தது. எனக்கு வந்த ஒப்பந்தத்தில் வேலை நேரம் காலை 10 முதல் இரவு 7 வரை என்று எழுதியிருந்தது. அவர்கள் தரும் மடிக்கணினியில்தான் வேலை செய்ய வேண்டும், அவர்களுடைய மேலாளரிடம்தான் விடுப்புக் கேட்க வேண்டும், ஒப்பந்தக் காலத்தில் வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது. ஒரு வாரம் முன்பே சொல்லி அவர்கள் என்னை நிறுத்திவிடலாம், நானோ 60 நாள் முன்பே சொல்ல வேண்டும். இதில் எந்த வரியில் நான் சுதந்திரமானவள்? ஊழியருக்கு உள்ள கட்டுப்பாடு எல்லாம் இருக்கிறது, ஊழியருக்கு உள்ள பாதுகாப்பு மட்டும் இல்லை.

நம் நாட்டில் இந்தக் கேள்வி மிகப் பழையது. 1956இல் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றவர்கள் சௌராஷ்டிரத்து உப்பளங்களில் வேலை செய்த அகாரியாக்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, விளைந்த உப்பின் அளவுக்குத்தான் கூலி. குடும்பத்தோடு வேலை செய்தார்கள், கூடுதல் ஆள் வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆகவே அவர்கள் தொழிலாளர்கள் அல்லர், தனி ஒப்பந்ததாரர்கள் என்று நிறுவனம் வாதிட்டது. வேலை எந்த முறையில் நடக்க வேண்டும் என்பதை மேற்பார்வையிட்டுக் கட்டுப்படுத்துபவர் யார் என்பதைப் பார்த்த நீதிமன்றம், அவர்கள் தொழிலாளர்களே என்ற முடிவை உறுதிசெய்தது. சிறுசேரியின் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் அந்த உப்பளத்து மக்களுக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு என்று அதைப் படித்த இரவில் எனக்குத் தோன்றியது. இன்றும் தோன்றுகிறது.

2012இல் தரமணியில் ஓராண்டு இப்படிப்பட்ட காண்ட்ராக்ட் ஊழியராக நான் இருந்திருக்கிறேன். எங்கள் அடையாள அட்டையின் கயிறு வேறு நிறம், குழுவின் வெளியூர்ப் பயணத்துக்கு எங்களுக்கு அழைப்பு இல்லை. அதையெல்லாம் அந்த வயதில் தாங்கிக்கொள்ள முடிந்தது. 2020 ஏப்ரலில் நடந்ததை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. ஊரடங்கில் வாடிக்கையாளர் செலவைக் குறைத்ததும், என் குழுவில் நான்கு ஆண்டுகளாக எல்லாரையும்விட அதிகம் உழைத்த காண்ட்ராக்ட் நண்பர் ஒருவரை ஒரே மின்னஞ்சலில், ஒரு வாரக் கெடுவில் நிறுத்தினார்கள். நாங்கள் அத்தனை பேரும் சம்பளத்தோடு வீட்டில் இருந்தோம். அவருக்காகப் பேச எங்கள் மேலாளருக்கு மனம் இருந்தது, வழி இல்லை.

ஆகவே 2024இல் அந்த ஒப்பந்தத்தை மறுத்தேன். தனித்துத் தொழில் செய்யும் ஆசையை மட்டும் விடவில்லை. ஒரே ஆளிடம் கைகட்டி நிற்பதற்குப் பெயர் தனித்தொழில் இல்லை என்று தெளிந்த பிறகு, உண்மையான தனித்தொழிலுக்கு என்ன வேண்டும் என்று பார்த்து அதற்கான வேலைகளைத் தொடங்கினேன். 2025 ஜனவரியில், வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனி மருத்துவக் காப்பீடு எடுத்தேன். காத்திருப்புக் காலம் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கும் என்பதுதான் காரணம், என் ஏற்பாடுகளிலேயே மிகச் சரியானது என்று நான் நினைப்பதும் இதைத்தான். சொந்தத் தொழிலுக்குப் போனபின் வங்கிகள் இரண்டு மூன்று ஆண்டு ரிட்டர்ன் கேட்கும் என்பதால், வீட்டுக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றும் வேலையையும் சம்பளச் சீட்டு இருக்கும்போதே முடித்தோம். எட்டு மாத வீட்டுச் செலவைத் தவணையோடு சேர்த்து வைப்பு நிதியில் போட்டோம். நியமன ஒப்பந்தம் இடம் தராததால் வேலையில் இருந்துகொண்டு வெளிவேலை எதுவும் செய்யவில்லை. 90 நாள் நோட்டீஸ் காலத்தில்தான் வாடிக்கையாளர்களிடம் பேசத் தொடங்கினேன்.

2025 அக்டோபரில் வெளியே வந்தபோது இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்; ஒன்று கோயம்புத்தூரில் உள்ள பம்ப் தயாரிப்பு நிறுவனம், மற்றொன்று சென்னையில் மருந்து விநியோகம் செய்யும் நிறுவனம். இரண்டிலும் மணிக்கணக்குக்கு அல்ல, முடித்துத் தரும் வேலைக்குத்தான் கட்டணம். 30 சதவீதம் முன்பணம். என் நேரத்தை நானே வகுத்துக்கொள்கிறேன். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும் செய்துகொண்டேன். அப்படிப் பதிவு பெற்ற குறு, சிறு தொழில்களுக்கு, 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி. இந்த ஒரு வரியை இன்வாய்ஸின் அடியில் அச்சிட்டதிலிருந்து நான் யாரையும் இரண்டாம் முறை நினைவூட்ட நேரவில்லை. இருந்தும் டிசம்பர் முழுக்க ஒரு ரூபாய் வரவில்லை. அந்த மாதம் வைப்பு நிதியிலிருந்துதான் குடும்பம் நடந்தது. என் கணவருக்கு நிரந்தர வேலை இருந்திராவிட்டால் இந்த முடிவை நான் எடுத்திருப்பேனா என்பது எனக்கே ஐயம்தான், அதையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

அவளுக்கு வந்த ஒப்பந்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி முழுவதும் படித்தேன். நேரம், விடுப்பு, மடிக்கணினி, வேறு வேலைக்குத் தடை என்று எல்லாமே எனக்கு வந்ததைப் போலவே இருந்தன. இதில் கையெழுத்துப் போடாதே என்று வெளிப்படையாகச் சொன்னேன். கூடுதல் தொகையில் பத்தாயிரத்தை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை, நிர்ணயித்த கால நியமனமாகவேனும் பேரோலில் எடுத்துக்கொள்ள முடியுமா, பிஎஃப்பும் மகப்பேறு விடுப்பும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மாலை இருவரும் சேர்ந்தே அந்த மின்னஞ்சலை எழுதினோம். இன்று புதன்கிழமை, அவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. இப்போதைய வேலையை அதுவரை விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.