அஞ்சு மாசம் வெச்சிருந்தா வளத்ததா ஆயிடுமா?

நேத்து ராத்திரி டிவியில என்பிஏ, அதான் அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் மேட்ச். நாலாவது குவார்ட்டர், ரெண்டு நிமிஷம் பாக்கி, ரெண்டே பாயின்ட் வித்தியாசம். ஓக்லஹோமா டீமோட ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர் இடது பக்கமா வெட்டிப் போய், சட்டுனு நின்னு, எழும்பி, பந்தை விட்டான். உள்ள போகுதான்னு பாக்குறதுக்குள்ள என் ரூம்மேட் ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்திட்டான். லைவ் மேட்ச்சுங்க! பந்து அந்தரத்துல தொங்குது. இவன் நடு ஹால்ல நின்னுக்கிட்டு, "பாத்தியா மச்சி, எங்க கென்டக்கி தயாரிப்பு!"ங்கறான்.

"எங்க"வாம். கென்டக்கிங்கறது என்பிஏவுக்கு வர்றதுக்கு முன்னாடி ஷாய் ஒரே ஒரு சீசன் ஆடின காலேஜ். அந்தக் காலேஜ் வாசலைக்கூட இவன் மிதிச்சதில்ல. நீலக் கலர்ல ஒரு தொப்பி வாங்கினான், அவ்வளவுதான் உறவு.

அப்புறம் பாராயணம், என்பிஏ டீமுங்க வருஷா வருஷம் புதுப் பசங்களை வரிசையா எடுக்குற டிராஃப்ட்ல கென்டக்கி பசங்க எத்தனை பேருன்னு. 2010-ல முதல் ரவுண்டுல மட்டும் அஞ்சு பேரு. 2012-ல முதல் ரெண்டு இடமும் எங்க பசங்க. 2015-ல டவுன்ஸ், புக்கர்னு ஆறு பேரு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு விரலை மடக்குறான், மடக்கிட்டு என் மூஞ்சியைப் பாக்குறான். பந்து இன்னும் அந்தரத்துல.

புக்கர்னு சொன்னான் பாருங்க, அங்கதான் எனக்கு ஏறுச்சு. டெவின் புக்கரை அந்த வருஷம் ஒரு மேட்ச்லகூட முதல் அஞ்சு பேர்ல இறக்கல. ஒண்ணுலகூட! பெஞ்சுல உக்கார வெச்சுட்டு இப்ப அப்பன் ஸ்தானம் கேக்குறாங்க.

19 வயசாகணும், ஸ்கூல் முடிச்சு ஒரு வருஷம் ஆகணும்னு 2006 டிராஃப்ட்ல இருந்து என்பிஏ ரூல் போட்டுச்சு. லெப்ரான் மாதிரி ஸ்கூல்ல இருந்து நேரா வர்ற வழி அடைஞ்சுபோச்சு. அந்த ஒரு வருஷத்தை எங்கயாவது ஓட்டணுமே, அதுக்கு வந்து தங்கினவங்கதான் இதுல பாதிப் பேரு. காலேஜ் சீசன் நவம்பர்ல ஆரம்பிச்சு ஏப்ரல் முதல் வாரத்துல முடியுது. பெத்தவளே பத்து மாசம் சுமந்தாடா! பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சவன் கலெக்டரானா டீக்கடைக்காரரா கோச்சிங் குடுத்தாரு?

ட்யூக் காலேஜ் மட்டும் என்னவாம்? கைரி இர்விங் அங்க ஆடினது 11 மேட்ச். மெம்ஃபிஸ்ல ஜேம்ஸ் வைஸ்மேன் மூணே மேட்ச், டிராஃப்ட்ல ரெண்டாவது இடம். மூணு மேட்ச்ல என்னத்தை வளத்தாங்க, நகமா?

வளத்தது யாருன்னா, நாலு வருஷம் டேமியன் லில்லர்டை வெச்சிருந்த வீபர் ஸ்டேட் காலேஜ். அப்பா ஆடின வர்ஜீனியா டெக்கே ஸ்காலர்ஷிப் குடுக்காத ஒல்லிப்பையன் ஸ்டெஃப் கரியைக் கூப்பிட்டு மூணு வருஷம் ஆட வெச்ச டேவிட்சன். இந்தப் பேரையெல்லாம் போட்ட தொப்பி என் ரூம்மேட்கிட்ட இல்ல.

ஷாய்கூட கென்டக்கியில பெஞ்சுல ஆரம்பிச்சு ஒரே சீசன்ல மேல வந்தவன்தான், அதுல கோச்சுக்குப் பங்கு உண்டுன்னு நியாயமா பேசலாம். பேச மாட்டேன். பந்து அந்தரத்துல நிக்கும்போது எனக்கு நியாயம் வராது. 2018-ல காலேஜை விட்டவன் எம்விபி, அதான் சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது, வாங்கினது 2025-ல. நடுவுல ஏழு வருஷம் உழைச்சவங்க எல்லாம் யாரு, வாட்ச்மேனா?

ஒருவழியா ப்ளே அமுக்கினான். பந்து ரிங்குல பட்டு வெளிய போச்சு.

ரெண்டு பேரும் பேசல. அப்புறம் மெதுவா சொல்றான்: "அது ஓக்லஹோமா கத்துக்குடுத்த பழக்கம் மச்சி."

சிரிச்சுட்டேங்க. வேற என்ன பண்றது. ஆனா ஃப்ரிட்ஜ்ல இருந்த என் தயிர்சாதத்தைத் தின்னதும் இவன்தான், அந்த டப்பாவைக் கழுவிக்கூட வைக்கல.