ஆண்டி பாஃப்கோவுக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்

பழைய பேஸ்பால் அட்டைகள் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மாண்டிலின் படம் போட்ட அட்டை 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனதையே அது சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த அட்டை வந்த, டாப்ஸ் நிறுவனத்தின் 1952 வரிசையில் முதல் எண் ஆண்டி பாஃப்கோ என்ற ஆட்டக்காரருடையது. சிறுவர்கள் அட்டைகளை எண்வாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போடுவார்கள். மேலே இருந்த பாஃப்கோதான் எல்லா அடியையும் வாங்கினார். ஓரத்தில் ரப்பர் அறுத்த தடம், மழுங்கிய மூலைகள். பழுதில்லாத பாஃப்கோ குதிரைக்கொம்பு!

311 முதல் 407 வரையிலான எண்கள் சீசன் முடியும் நேரத்தில் வந்ததால் தேங்கிப்போயின. மிச்சத்தை 1960இல் கடலில் கொட்டினார்கள். அதனால் அங்கே யாரும் அறியாத ஆட்டக்காரருக்கும் நல்ல விலை. கையில் காசு குறைந்தவர்கள் விலை குறைவான 81 முதல் 250 வரையிலான எண்களைத் தேடலாம். கசங்கியிருந்தால்தான் என்ன, அட்டையின் பின்புறத்தில் ஆட்டக்காரர் பிறந்த ஊர், உயரம், கண்ணின் நிறம் எல்லாம் அச்சாகியிருக்கிறதே.