கமார்கோ நுனிவிரலில் ஆடவில்லை

"1730-களில் பாரிஸ் ஓபராவில் மாரி கமார்கோ குட்டைப் பாவாடையும் நுனிவிரல் ஷூவும் போட்டு ஆட, இருட்டில் உட்கார்ந்திருந்த கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது" என்று ஒரு படத்தோடு செய்தி சுற்றுகிறது. கமார்கோ என்ற பாலே ஆட்டக்காரர் நிஜம், 1726-இல் அங்கே அறிமுகமானதும் நிஜம். மற்றதில் பெரும்பகுதி கற்பனை.

அவர் பாவாடையைக் குறைத்தது உண்மைதான், ஆனால் கணுக்கால் தெரியும் அளவுக்குத்தான். ஆண்களுக்கே உரியவை என்று கருதப்பட்ட துள்ளல்களை அவர் ஆடியபோது கால்வேலை கண்ணில் படவேண்டுமே, அதற்காக. நிக்கோலா லாங்க்ரே வரைந்த அவரது ஓவியத்தைப் பாருங்கள், அகன்று விரிந்த கனத்த உடை, அதைத் தூக்கிக்கொண்டு குதித்ததே பெரிய விஷயம். கால் நுனிவிரலில் நின்று ஆடும் நுனிவிரல் ஆட்டம் புகழ்பெற்றது நூறு வருஷம் கழித்து, 1832-இல் மாரி தாலியோனி 'லா சில்ஃபீட்' என்ற பாலேயை ஆடிய பிறகு, அவர் போட்டதும் இன்றைய முனை கெட்டியான ஷூ இல்லை, மெத்தென்ற சாட்டின் ஷூதான்.

சரி, இருட்டு? மெழுகுவர்த்தி காலம் அது. அரங்கத்துக்கு மேலே தொங்கிய சரவிளக்குகள் ஆட்டம் முடியும்வரை எரிந்துகொண்டேதான் இருக்கும், வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், பேசுவார்கள், மூச்சுவிடாமல் எல்லாம் யாரும் இல்லை. அதே ஊரில் கொமெடி ஃபிரான்சேஸ் நாடகக் கொட்டகையிலோ பணக்காரர்கள் மேடைமேலேயே இருக்கை வாங்கி உட்கார்ந்து நடிகர்களுக்கு இடைஞ்சல் கொடுத்தார்கள், 1759-இல்தான் அந்த இருக்கைகளை எடுத்தார்கள்.

உடையில் புரட்சி வேண்டுமென்றால் அதே காலத்து ஆட்டக்காரர் மாரி சால்லேயைத் தேடுங்கள்: 1734-இல் லண்டனில், பாவாடையை விரித்துப் பிடிக்கும் வளையக்கூடு இல்லாத எளிய மஸ்லின் உடையில், கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆடினார்.