ஆறு மாதம் சட்டமன்றத்துக்கு மட்டும்தானா?

அப்பா பத்மநாபபுரம் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவர். கட்சிக்காரர் யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது, "உத்தரவு கையில இருக்கா?" என்பதுதான். மனு தள்ளுபடி ஆகியிருந்தால்கூட அவர் அலட்டிக்கொள்ள மாட்டார். தள்ளுபடி உத்தரவை வைத்து அப்பீல் போகலாம். பதிலே வராத மனுவை வைத்துக்கொண்டு எங்கே போவது?

அம்மா வழியில் வந்த பதினொரு சென்ட் நிலத்துக்குப் பட்டா மாற்றக் கேட்டு நான் கொடுத்த மனு ஓர் அலுவலகத்தில் நான்கு வருடம் கிடந்தது. தரவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கடைசியில், "முடியாதுன்னாவது எழுதித் தாருங்க சார்" என்று நானே கேட்டு நின்றேன். அன்றைக்குத்தான் அப்பா சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்தது.

சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பும் மசோதாவை ஆளுநரும் ஜனாதிபதியும் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பது பற்றி 2025 நவம்பர் 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்தைப் படித்தபோது அந்த நான்கு வருடம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதே வருடம் ஏப்ரல் 8ஆம் தேதி, தமிழ்நாடு அரசு ஆளுநர் மீது தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் மசோதாக்கள் மீது முடிவெடுக்கக் காலக்கெடு வைத்தார்கள். ஜனாதிபதிக்கு மூன்று மாதம். கிடப்பில் கிடந்த பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றார்கள். மே மாதம் ஜனாதிபதி திரௌபதி முர்மு பதினான்கு கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகப் பதில் சொன்னார்கள்: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாக அறிவிக்கவும் முடியாது. ஆளுநர் காரணமே சொல்லாமல் நீண்ட காலம் வைத்துக்கொண்டிருந்தால் மட்டும், ஏதாவது ஒரு முடிவெடுங்கள் என்று சொல்லலாம். ஜனாதிபதி எடுக்கும் முடிவு சரியா தப்பா என்று நீதிமன்றம் பார்க்க முடியாது.

இதில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். அரசியல் சாசனத்தில் எழுதாத ஒரு எண்ணை நீதிபதிகள் எழுதிச் சேர்க்கக் கூடாது என்பது நியாயம். ஜனாதிபதி போட வேண்டிய கையெழுத்தை நீதிமன்றமே போட்டுக்கொண்டால், நாளைக்கு நமக்குப் பிடிக்காத மசோதாவுக்கும் அது நடக்கும். சரி. ஆனால் 201ஆவது பிரிவை ஒரு தடவை எடுத்துப் படித்துப் பாருங்கள். சின்னப் பிரிவுதான். ஆளுநர் அனுப்பி வைத்த மசோதாவுக்கு ஜனாதிபதி ஒப்புதல் தரலாம், மறுக்கவும் செய்யலாம். பண மசோதா இல்லையென்றால், சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பும்படி ஆளுநரிடம் சொல்லலாம். அப்படித் திரும்பி வந்தால் சட்டமன்றம் அதை ஆறு மாதத்துக்குள் மறுபடி பரிசீலிக்க வேண்டும். அதே பிரிவில் ஜனாதிபதிக்கு ஒரு நாள் கணக்குகூட இல்லை. சட்டமன்றம் இரண்டாவது முறை நிறைவேற்றினாலும் அவர் ஒப்புதல் தந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களுக்குக் கெடு இருக்கிறது, மேலே இருப்பவருக்கு இல்லை.

நீட் விலக்கு மசோதாவை 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8ஆம் தேதி மறுபடி நிறைவேற்றினார்கள். அப்புறம் அது டெல்லிக்குப் போனது. ஒப்புதல் இல்லை என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது 2025 ஏப்ரலில். நீட் வேண்டுமா வேண்டாமா என்பதில் என் வீட்டிலேயே இரண்டு கருத்து உண்டு, அதைப் பற்றி இங்கே பேசவில்லை. 2021இல் எட்டாம் வகுப்பு படித்த பிள்ளை, பதில் வந்தபோது பதினொன்றாம் வகுப்பை முடித்துக்கொண்டிருந்தது. அதைத்தான் சொல்கிறேன்.

ஜனாதிபதி என்றதும் தனி மனிதரின் முடிவு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். முதல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத்துக்கே இந்தக் கேள்வி இருந்தது. அமைச்சரவையின் ஆலோசனைக்கு நான் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டுமா என்பதை ஆராய வேண்டும் என்று 1960இல் வெளிப்படையாகவே பேசினார். 1974இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள், கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும் என்று அதற்குப் பதில் சொன்னார்கள். 1976இல் 42ஆவது திருத்தம் அதைச் சாசனத்திலேயே எழுதி வைத்தது. 1978இல் 44ஆவது திருத்தம், அமைச்சரவையின் ஆலோசனையை ஒரு தடவை மட்டும் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று கொஞ்சம் இடம் கொடுத்தது. ஆகவே ஜனாதிபதி மாளிகையில் ஒரு மாநில மசோதா தூங்குகிறது என்றால், மத்திய அமைச்சரவை அதைத் தூங்க விட்டிருக்கிறது என்றுதான் பொருள். சட்டமன்றத்துக்கும் மக்களுக்கும் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்.

ஜனாதிபதி கையில் மசோதா கிடப்பதும் சில சமயம் நல்லதுதான் என்பதற்கு, 1986இல் ஜனாதிபதி ஜெயில் சிங் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அஞ்சல் திருத்த மசோதாவில் கையெழுத்தும் போடாமல், திருப்பியும் அனுப்பாமல் வைத்துக்கொண்டார் என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். நம் கடிதங்களைத் தடுத்து வைத்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் கொடுத்த மசோதா அது. அது சட்டமாகாமல் போனதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் காரணத்தை எழுதித் திருப்பி அனுப்பும் வழி அவருக்கு இருந்தது. அதைச் செய்திருந்தால் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக ஒரு விவாதம் நடந்திருக்கும்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. ஒரு மாநில அரசையே கலைக்கிற 356ஆவது பிரிவின் கீழ் ஜனாதிபதி வெளியிடும் பிரகடனத்தை, என்ன ஆதாரத்தில் வெளியிட்டீர்கள் என்று நீதிமன்றம் கேட்கலாம். 1994இல், கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து தீர்த்த விஷயம் இது. அரசைக் கலைத்ததை ஆராயலாம், ஒரு மசோதாவை நிராகரித்ததை ஆராயக் கூடாது என்றால் என் மனம் ஒப்பவில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரருக்கு இது தூரத்து விஷயம் கிடையாது. 1956 மார்ச்சில் திருவிதாங்கூர்-கொச்சியில் ஜனாதிபதி ஆட்சி வந்தது. நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, நாம் விட்டுவந்த மாநிலத்தில் சட்டமன்றமே இல்லை. 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரக் கேட்டுப் போராடி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டடிபட்டுச் செத்தவர்கள் எதற்காகச் செத்தார்கள்? நம் மொழியில் பேசுகிற, நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு சட்டமன்றம் வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அந்தச் சட்டமன்றம் ஒரு மசோதாவை இரண்டு தடவை நிறைவேற்றி அனுப்பிவிட்டு வருடக்கணக்கில் காத்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நீதிமன்றம் எழுத முடியாது என்றால் நாடாளுமன்றம் எழுதட்டும். ஜனாதிபதிக்கு ஆறு மாதம் போதும் என்று, மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி கமிஷன் 2010லேயே சொல்லியிருக்கிறது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2016இல் உள்துறை அமைச்சகமே குறிப்பு அனுப்பியிருக்கிறது. அந்தக் கணக்கைச் சாசனத்துக்குள் கொண்டுவந்தால் போதும்.

நம் எம்.பி.யிடம் கொடுக்க ஒரு பக்கத்தில் மனு எழுதியிருக்கிறேன். இரண்டே கோரிக்கை. 201ஆவது பிரிவில் ஜனாதிபதிக்கும் ஆறு மாதக் கெடு வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் சட்டமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். தக்கலைப் பக்கம் இருப்பவர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட நினைத்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.